நீண்ட அலைக்கு ஒரு வளையம்

திருநெல்வேலி மாவட்டத்தில் விஜயநாராயணம் என்னும் ஊர்ப்பக்கம் சென்றவர்கள், வெகு தொலைவிலிருந்தே வானை அளப்பதுபோல் நிற்கும் மெல்லிய இரும்புக் கம்பங்களைக் கண்டிருப்பார்கள். 1990ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியக் கடற்படை அங்கே தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன் வானொலி நிலையத்தின் கம்பங்கள் அவை. கடலுக்குள் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவது அந்நிலையத்தின் பணி. அதன் அதிர்வெண் 18.2 கிலோஹெர்ட்ஸ். ஒளியின் திசைவேகத்தை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் ஏறத்தாழ 16.5 கிலோமீட்டர் என்று வரும். நானூறு மீட்டரைத் தாண்டி உயர்ந்த கம்பம்கூட, இந்த அலைநீளத்தில் நாற்பதில் ஒரு பங்குதான்!

அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கம்பி நல்ல வான்கம்பி என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அப்படியானால் 18 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு நான்கு கிலோமீட்டர் உயரக் கம்பம் வேண்டும். அது ஆகாத காரியம். ஆகவே மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் வேலை செய்யும் எல்லா வான்கம்பிகளும், எவ்வளவு பெரியவையாகத் தோன்றினாலும், குட்டை வான்கம்பிகளே.

அரசாங்கம் கோடிக்கணக்கில் செலவிட்டு இதைச் செய்துவிடலாம். வீட்டுத் தோட்டத்தில் இரண்டு மரங்களை மட்டும் வைத்திருக்கும் ஒரு வானொலி ஆர்வலர் செய்ய முடியுமா? முடியும் என்று பல நாடுகளில் அமெச்சூர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கையாளும் கருவி, மரத்துக்கு மரம் கட்டிய ஒரே ஒரு கம்பி வளையம். அந்த வளையத்துக்கு மின்திறனை ஊட்டுவதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று பொருத்துதல், மற்றொன்று சமன்செய்தல். பன்னிரண்டாம் வகுப்பில் கற்ற மாறுமின்னோட்டப் பாடமே போதும், இரண்டையும் புரிந்துகொள்ளலாம்.

நீண்ட அலையின் சிறப்பு

மிகத் தாழ்ந்த அதிர்வெண் என்பது 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேல் 300 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ளது தாழ்ந்த அதிர்வெண். இந்த அலைகள் பூமியின் பரப்புக்கும் அயனி மண்டலத்துக்கும் இடையே, ஒரு குழாய்க்குள் செல்வதுபோல், மிகுந்த இழப்பின்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்கின்றன. உப்பு நீரிலும் சில மீட்டர் ஆழம் புகும். உயர் அதிர்வெண் அலைகளைக் கடல்நீர் மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும்.

வானொலியின் தொடக்க காலத்தில் கண்டங்களுக்கு இடையே செய்தி அனுப்பியவை இந்த அலைகளே. சுவீடன் நாட்டில் கிரிமெட்டன் என்னும் ஊரில் 1920களில் கட்டப்பட்ட நிலையம் 17.2 கிலோஹெர்ட்சில் இயங்கியது. வால்வும் இல்லை, டிரான்சிஸ்டரும் இல்லை. வேகமாகச் சுழலும் ஒரு மின்னாக்கியே வானொலி அலையை நேரடியாக உண்டாக்கியது. 127 மீட்டர் உயரமுள்ள ஆறு கோபுரங்கள் அதன் வான்கம்பியைத் தாங்குகின்றன. 2004இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அமெச்சூர்களுக்கு இப்பகுதியில் கிடைத்த இடம் மிகச் சிறியது. 2007இல் கூடிய உலக வானொலி மாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டையை அவர்களுக்கு ஒதுக்கியது. கதிர்வீசும் திறன் 1 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. இதைக் கேட்ட ஒருவர், "ஒரு வாட்டா? சைக்கிள் விளக்குக்கே காணாதே!" என்று சிரித்தார். ஆனால் 137 கிலோஹெர்ட்சில் அந்த ஒரு வாட்டைக் காற்றில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஏன் என்று பார்ப்போம்.

கதிர்வீச்சுத் தடை

ஒரு வளையத்தில் மாறுமின்னோட்டம் பாயும்போது, அதன் ஆற்றலில் ஒரு பகுதி அலையாகப் பிரிந்து வெளியே செல்கிறது. மின்சுற்றின் பக்கமிருந்து நோக்கினால், இது ஒரு மின்தடையில் ஆற்றல் செலவாவது போன்றதே. இந்தக் கற்பனைத் தடைக்குக் கதிர்வீச்சுத் தடை என்று பெயர். மின்னோட்டத்தின் இருமடியை இதனால் பெருக்கினால், அலையாகச் செல்லும் திறன் கிடைக்கும்.

சிறிய வளையத்துக்கு இதன் மதிப்பைக் காணும் வழி எளிது. வளையத்தின் பரப்பை அலைநீளத்தின் இருமடியால் வகுக்க வேண்டும். வரும் எண்ணை அதனாலேயே பெருக்கி, பிறகு 31,171 ஆல் பெருக்கினால் விடை ஓம் அலகில் வரும். பரப்பு இருமடியாக வருகிறது, அலைநீளம் நான்மடியாக வருகிறது என்பதைக் கவனியுங்கள். அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் கதிர்வீச்சுத் தடை பதினாறில் ஒரு பங்காகக் குறையும். நீண்ட அலையின் தொல்லை முழுவதும் இந்த நான்மடியில்தான் அடங்கியிருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் உயரமும் உள்ள செவ்வக வளையம் ஒன்றைச் செங்குத்தாகக் கட்டியிருப்பதாகக் கொள்வோம். பரப்பு 200 சதுர மீட்டர். 137 கிலோஹெர்ட்சுக்கு அலைநீளம் 2190 மீட்டர். மேற்கண்ட வழியில் கணக்கிட்டால், கதிர்வீச்சுத் தடை 0.000054 ஓம். அதாவது 54 மைக்ரோ ஓம்!

இனி இழப்பைப் பார்ப்போம். வளையத்தின் சுற்றளவு 60 மீட்டர். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் குழாயால் செய்ததாகக் கொள்வோம். ஏன் குழாய்? இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் ஏறக்குறைய 0.18 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பாய்கிறது. உள்ளே செம்பு இருந்தும் பயனில்லை. இந்த மேற்பரப்பு விளைவைக் கணக்கில் கொண்டால் குழாயின் மின்தடை 0.18 ஓம் ஆகிறது. வளையத்தின் புலம் அடியிலுள்ள மண்ணிலும் பக்கத்திலுள்ள மரங்களிலும் மின்னோட்டங்களைத் தூண்டி அவற்றைச் சூடாக்கும். இதையும், மின்தேக்கி, மின்மாற்றி, இணைப்புகள் இவற்றின் இழப்பையும் சேர்த்து மொத்தத் தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம்.

100 வாட் திறனை முழுவதும் இவ்வளையத்துக்குள் செலுத்திவிட்டால், மின்னோட்டம் 14.1 ஆம்பியர். அதன் இருமடி 200. அதை 54 மைக்ரோ ஓமால் பெருக்கினால் ஏறத்தாழ 11 மில்லி வாட். நூறு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் அலையாகிறது. மீதி 99.99 வாட் செம்பையும் மண்ணையும் வேப்பமரத்தையும் சூடேற்றிவிட்டுப் போகிறது.

இங்கே ஓர் உண்மை புலப்படுகிறது. அரை ஓமைக் கால் ஓமாகக் குறைத்தால், அதே 100 வாட்டுக்கு மின்னோட்டம் 20 ஆம்பியர் ஆகும். கதிர்வீசும் திறன் இரட்டிப்பாகும். ஆகவே இவ்வளையத்தில் நூறில் ஒரு ஓம்கூடச் சிறிய செய்தி அல்ல. ஒரு திருகை நன்றாக முடுக்காவிட்டாலும் தொலைவில் கேட்பவருக்குச் செய்தி போய்ச் சேராமல் போகலாம்.

சுற்றுகளைக் கூட்டினால் என்ன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இரண்டு சுற்றாக்கினால் கதிர்வீச்சுத் தடை நான்கு மடங்காகும். கம்பியின் நீளமும் அதனால் இழப்புத் தடையும் இரண்டு மடங்காகும். நிகர ஆதாயம் இரண்டு மடங்குதான். அந்த இரண்டாவது கம்பியை முதல் கம்பிக்கு இணையாகக் கட்டியிருந்தாலும் தடை பாதியாகி அதே ஆதாயம் கிடைத்திருக்கும். ஆனால் வளையத்தின் நீளத்தையும் உயரத்தையும் இரட்டிப்பாக்குங்கள். பரப்பு நான்கு மடங்கு, கதிர்வீச்சுத் தடை பதினாறு மடங்கு, கம்பி இரண்டு மடங்கு. ஆதாயம் எட்டு மடங்கு! செம்பு வாங்கும் பணத்தைப் பரப்பில் போடுவதே அறிவுடைமை.

ஒத்ததிர்வு

வளையத்துக்கு மின்தடை மட்டுமன்று, மின்தூண்டலும் உண்டு. நாம் எடுத்துக்கொண்ட வளையத்துக்கு அது சுமார் 85 மைக்ரோ ஹென்றி. 137 கிலோஹெர்ட்சில் இதன் மின்மறுப்பு 73 ஓம். அரை ஓம் தடைக்கு முன்னால் 73 ஓம் மறுப்பு ஒரு சுவர்போல் நிற்கிறது. இதைக் கடக்காமல் 14 ஆம்பியரை உள்ளே அனுப்ப இயலாது.

இதற்கு மருந்து மின்தேக்கி. மின்தூண்டலின் மறுப்பும் மின்தேக்கியின் மறுப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை. வளையத்தோடு தொடராக 15.9 நானோ ஃபாரட் மின்தேக்கியைச் சேர்த்தால் 73 ஓமும் 73 ஓமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சுற்றில் எஞ்சி நிற்பது அரை ஓம் தடை மட்டுமே. இதுவே தொடர் ஒத்ததிர்வு.

ஆனால் அழிந்தது சுற்றின் மொத்தத்தில்தான். மின்தேக்கியின் இரு முனைகளுக்கிடையே 14.1 ஆம்பியரை 73 ஓமால் பெருக்கிய அளவு, அதாவது 1030 வோல்ட், உண்மையாகவே நிற்கிறது. வளையத்தை இயக்க வெளியிலிருந்து கொடுப்பதோ வெறும் 7 வோல்ட்! ஏழு வோல்ட் ஆயிரம் வோல்ட்டாக வளர்வது ஊஞ்சலைச் சிறுகச் சிறுகத் தள்ளி உயர ஆட்டுவதைப் போன்றது. இந்த வளர்ச்சி விகிதம், 73ஐ அரையால் வகுத்தது, ஏறத்தாழ 146. இதைத் தரக்காரணி என்பர். தரக்காரணி உயர்ந்தால் ஒத்ததிர்வு கூர்மையாகும். 137 கிலோஹெர்ட்சை 146ஆல் வகுத்தால் 940 ஹெர்ட்ஸ். இவ்வளவு குறுகிய பட்டைக்குள்தான் வளையம் ஒழுங்காக வேலை செய்யும். மின்தேக்குத்திறன் நூற்றுக்கு ஒன்று மாறினாலும் ஒத்ததிர்வு 685 ஹெர்ட்ஸ் நகர்ந்து போகும். ஒரு மழை பெய்து மரங்கள் நனைந்தால் மறுபடியும் இசைக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மின்தேக்கியைத் தேர்ந்தெடுப்பதிலும் விழிப்பு வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் மின்தேக்கியில் இழப்புக் காரணி இந்த அதிர்வெண்ணில் நூற்றுக்கு ஒன்று என்று கொள்வோம். 73 ஓமில் நூற்றில் ஒரு பங்கு 0.73 ஓம். வளையத்தின் மற்ற எல்லா இழப்புகளையும்விட இது பெரிது! செலுத்தும் 100 வாட்டில் 60 வாட்டுக்கு மேல் அந்தச் சின்ன மின்தேக்கியிலேயே வெப்பமாகும். அது உருகிப் போவதில் வியப்பில்லை. பாலிபுரோப்பிலீன் வகையில் இழப்பு இதில் இருபதில் ஒரு பங்குக்குள் அடங்கும். அவற்றிலும் பலவற்றை இணையாகச் சேர்த்து மின்னோட்டத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதே வழக்கம்.

பொருத்துதல்

செலுத்திக் கருவிகள் பெரும்பாலும் 50 ஓம் சுமைக்கு என்று அமைக்கப்படுகின்றன. வளையமோ ஒத்ததிர்வில் அரை ஓம். இரண்டையும் நேரடியாக இணைத்தால் என்ன ஆகும்? 50 ஓம் அகத்தடையுள்ள மூலம், அரை ஓம் சுமைக்குத் தன்னால் இயன்ற திறனில் நூற்றுக்கு நான்கு பங்குகூடக் கொடுக்காது. நூறு வாட் கருவி நான்கு வாட் கருவியாகிவிடும்.

ஒரு பெரிய கல்லைப் புரட்ட வேண்டும். கையால் தள்ளினால் அசையாது. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் அசைகிறது. நம் கை அதிகத் தொலைவு நகர்கிறது, விசை குறைவு. கல் சிறிதளவே நகர்கிறது, விசை பெரிது. செய்த வேலை இரு பக்கமும் ஒன்றுதான். மின்மாற்றியும் இப்படி ஒரு கடப்பாரையே. அதிக வோல்ட்டையும் குறைந்த ஆம்பியரையும் வாங்கிக்கொண்டு, குறைந்த வோல்ட்டையும் அதிக ஆம்பியரையும் கொடுக்கிறது.

மின்மாற்றியில் மின்எதிர்ப்பு, சுற்று விகிதத்தின் இருமடியாக மாறும் என்பதை நாம் அறிவோம். 50க்கும் 0.5க்கும் விகிதம் 100. ஆகவே சுற்று விகிதம் 10. ஒரு ஃபெரைட் உள்ளகத்தில் முதன்மைச் சுருள் 20 சுற்று, துணைச் சுருள் 2 சுற்று சுற்றினால் போதும். சரிபார்ப்போம். 100 வாட்டுக்கு 50 ஓமில் 70.7 வோல்ட்டும் 1.41 ஆம்பியரும் வேண்டும். துணைச் சுருளில் 7.07 வோல்ட்டும் 14.1 ஆம்பியரும் வரும். 7.07ஐ 14.1ஆல் வகுத்தால் அரை ஓம். கணக்கு நேராகிவிட்டது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதன்மைச் சுருளின் மின்மறுப்பு 50 ஓமைப்போல் நான்கைந்து மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்னோட்டம் வளையத்துக்குப் போகாமல் உள்ளகத்தைக் காந்தமாக்குவதிலேயே கழிந்துவிடும். துணைச் சுருளைத் தடித்த செம்பால் சுற்ற வேண்டும். 14 ஆம்பியர் பாயும் பாதை அது. வளையத்தின் தடை இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் வேறுபடும் என்பதால், முதன்மைச் சுருளில் 16, 18, 20, 22 சுற்றுகளில் கிளைகள் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அளந்து பார்த்துத் தக்க கிளையில் இணைத்துக்கொள்ளலாம்.

சமன்செய்தல்

பொருத்தியாயிற்று. மின்னோட்டமும் 14 ஆம்பியர் பாய்கிறது. இனி என்ன குறை? பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

மின்தேக்கியை வளையத்தின் ஒரு முனையில் மட்டும் வைத்ததாகக் கொள்வோம். மின்மாற்றியின் பக்கமுள்ள முனை நிலத்தின் மின்னழுத்தத்துக்கு அருகில் இருக்கும். மின்தேக்கிப் பக்கமுள்ள முனையில் 1030 வோல்ட். இடையில் வளையம் முழுவதும் மின்னழுத்தம் படிப்படியாக ஏறிச் செல்லும். ஆகவே வளையம் முழுவதற்கும் நிலத்தைக் குறித்துச் சராசரியாக 515 வோல்ட் இருக்கிறது.

காற்றில் தொங்கும் கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே மின்தேக்குத்திறன் உண்டு. மீட்டருக்கு 6 பிகோ ஃபாரட் என்று கொண்டால் 60 மீட்டருக்கு 360 பிகோ ஃபாரட். 137 கிலோஹெர்ட்சில் இதன் மறுப்பு 3200 ஓம். 515 வோல்ட்டை இதனால் வகுத்தால் 0.16 ஆம்பியர். இவ்வளவு மின்னோட்டம் வளையத்திலிருந்து காற்று வழியாக நிலத்துக்கு இறங்கி, மண்ணின் வழியாகவும் கோஆக்சியல் கேபிளின் வெளியுறை வழியாகவும் செலுத்திக்குத் திரும்புகிறது.

பதினான்கு ஆம்பியருக்கு முன் 0.16 ஆம்பியர் எம்மாத்திரம் என்று தள்ளிவிட வேண்டாம். இந்த மின்னோட்டத்தைப் பொறுத்தவரை வளையம் வளையமன்று. அது செங்குத்துக் கம்பி. கம்பியின் சராசரி உயரம் 8 மீட்டர் என்றால் அதன் கதிர்வீச்சுத் தடை சுமார் 0.02 ஓம். வளையத்தினுடையதோ 0.000054 ஓம். ஏறத்தாழ 390 மடங்கு. அதே அளவு மின்னோட்டத்துக்குச் செங்குத்துக் கம்பியின் புலம் இருபது மடங்கு வலிமையானது. ஆகவே இந்த 0.16 ஆம்பியர், வளையத்தில் 3 ஆம்பியர் பாய்வதற்கு இணையான புலத்தை உண்டாக்குகிறது.

இதன் விளைவு என்ன? நல்ல வளையம் தன் தளத்தின் இரு திசைகளிலும் வலுவாக வீசும். தளத்துக்குச் செங்குத்தான இரு திசைகளில் ஏதும் வீசாது. வரைபடத்தில் 8 என்ற எண்ணைப்போல் இருக்கும். சமன்கெட்ட வளையத்தில் அந்தச் சுழித் திசை, உச்சப் புலத்தில் ஐந்தில் ஒரு பங்களவுக்கு நிரம்பிவிடுகிறது. அது மட்டுமன்று. மண்ணில் இறங்கும் மின்னோட்டம் மண்ணைச் சூடாக்குகிறது. கேபிளின் வெளியுறையில் வரும் மின்னோட்டம் வீட்டுக்குள் புகுந்து தொலைபேசியிலும் ஒலிபெருக்கியிலும் கரகரக்கிறது. ஏற்கும் வேளையில் இதே வழியாக வீட்டு மின்சாதனங்களின் இரைச்சல் வளையத்துக்குள் ஏறிக்கொள்கிறது.

குழந்தைகள் விளையாடும் ஏற்றப்பலகையை நினைத்துப் பாருங்கள். அதன் ஒரு முனையைத் தரையோடு கட்டிவிட்டால் மறுமுனை முழு உயரம் போக வேண்டும். நடுவில் தாங்கி வைத்தால் ஒரு முனை பாதி மேலே, மறுமுனை பாதி கீழே. நடுப்பகுதி அசைவதே இல்லை. வளையத்திலும் இதையே செய்கிறோம். ஒரு மின்தேக்கிக்குப் பதில் இரண்டு மின்தேக்கிகளை மின்மாற்றியின் இரு பக்கமும் ஒன்றாக வைக்கிறோம். இரண்டும் தொடரில் இருப்பதால் ஒவ்வொன்றும் இரட்டிப்பாக, 31.8 நானோ ஃபாரட்டாக இருக்க வேண்டும். துணைச் சுருளின் நடுப்புள்ளியை நிலத்தோடு இணைக்கிறோம். இப்போது ஒரு முனையில் 515 வோல்ட், மறுமுனையில் எதிர்த்திசையில் 515 வோல்ட், வளையத்தின் உச்சி நடுவில் சுழி. சராசரி மின்னழுத்தம் சுழி. இடப்பாதியிலிருந்து நிலத்துக்கு இறங்கும் மின்னோட்டத்தை வலப்பாதி அப்படியே திரும்ப வாங்கிக்கொள்கிறது. கேபிளின் பக்கம் எதுவும் வருவதில்லை.

எஞ்சியதையும் தடுக்கச் சில சிறு ஏற்பாடுகள் உண்டு. மின்மாற்றியின் இரு சுருள்களையும் உள்ளகத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் சுற்றினால் அவற்றுக்கிடையே மின்தேக்குத்திறன் குறையும். கேபிளைப் பத்துப் பதினைந்து சுற்று வேறொரு ஃபெரைட் உள்ளகத்தில் சுற்றிவிட்டால் வெளியுறை மின்னோட்டம் அடங்கும். வளையத்தையும் இரு பக்கமும் ஒரே உயரத்தில், மரங்களிலிருந்தும் கூரையிலிருந்தும் ஒரே தொலைவில் கட்ட வேண்டும். ஒரு பக்கம் தகரக் கூரையை ஒட்டிப் போனால் மின்தேக்கிகள் எவ்வளவு சரியாக இருந்தும் சமன் கெடும்.

எங்கள் ஆய்வகத்தில்

இதனை மாணவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு சிறு சோதனை செய்தேன். ஒரு மீட்டர் பக்கமுள்ள மரச்சட்டத்தில் 30 சுற்று எனாமல் கம்பி. மின்தூண்டல் சுமார் 3 மில்லி ஹென்றி. இரண்டு 1500 பிகோ ஃபாரட் மின்தேக்கிகளைத் தொடராக்கி முனைகளில் இணைத்தோம். 106 கிலோஹெர்ட்சுக்கு அருகில் ஒத்ததிர்வு வர வேண்டும். வரவில்லை. அலையியற்றியைத் திருப்பத் திருப்ப ஒத்ததிர்வு ஓரிடத்தில் நிற்காமல், யாராவது பக்கத்தில் வந்தால் நகர்ந்துகொண்டே இருந்தது. மின்தேக்கியை மாற்றினோம். இணைப்புகளை மறுபடி பற்றவைத்தோம். ஒரு பிற்பகல் முழுதும் போயிற்று.

குற்றம் கம்பியில் இல்லை, என் கையில்தான் இருந்தது. அலைகாட்டியின் நில முனையை வளையத்தின் ஒரு முனையில் நானே மாட்டியிருந்தேன். சமன்செய்த வளையத்தை அளக்கப்போய், அளக்கும் கருவியாலேயே சமனைக் கெடுத்துவிட்டேன். ஏற்றப்பலகையின் ஒரு முனையைத் தரையோடு கட்டியதும் நானே!

மறுநாள் ஒற்றைச் சுற்று ஒன்றை அருகில் வைத்து அதன் வழியே அலையூட்டினோம். மற்றோர் ஒற்றைச் சுற்றை அலைகாட்டியோடு இணைத்துத் தள்ளி வைத்தோம். மின்தேக்கிகள் சேரும் நடுப்புள்ளியை மட்டும் நிலத்தோடு இணைத்தோம். ஒத்ததிர்வு அசையாமல் நின்றது. பிறகு வேண்டுமென்றே ஒரு முனையை நிலத்தோடு இணைத்து, நடுப்புள்ளியை விடுத்து, மறுமுனையில் கைவைக்கச் சொன்னேன். மனித உடலை 100 பிகோ ஃபாரட் என்று கொள்ளலாம். 750 பிகோ ஃபாரட் 850 ஆகிறது. ஒத்ததிர்வு 6 சதவீதம் தாழ்ந்தது. சமன்செய்த நிலையில் அதே கை பட்டால் 1500 என்பது 1600 ஆகிறது, மொத்தம் 750 என்பது 774 ஆகிறது. அதிர்வெண் 1.6 சதவீதம்தான் தாழ்கிறது. ஏன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு? முனையில் மின்னழுத்தம் பாதி. மின்தேக்கியில் சேரும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே கால் பங்கு. கணக்கும் கருவியும் ஒன்றையே சொன்னபோது மாணவர்கள் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை.

இச்சோதனையை உங்கள் கல்லூரியிலும் செய்யலாம். அலையியற்றியின் சிறு மின்னழுத்தத்தில் ஆபத்து இல்லை. ஆனால் உண்மையான செலுத்து வளையத்தின் முனையில் ஆயிரம் வோல்ட் நிற்கும். தொட்டால் சதை கருகும். உரிமம் தேவைப்படும் அதிர்வெண்களில் அது இன்றி வானொலி அலை செலுத்துவது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்க.

இன்னும் கீழே

137 கிலோஹெர்ட்சோடு சிலர் நிறைவு அடையவில்லை. பன்னாட்டு வானொலி விதிகள் 8.3 கிலோஹெர்ட்சுக்குக் கீழே எந்தப் பணிக்கும் இடம் ஒதுக்கவில்லை. ஐரோப்பாவில் சில அமெச்சூர்கள் 8.27 கிலோஹெர்ட்சுக்கு அருகில் சோதனைகள் செய்துள்ளனர். அங்கே அலைநீளம் 36 கிலோமீட்டர். நம்முடைய அதே வளையத்தை அங்கே கொண்டு போனால் நான்மடி விதி தன் வேலையைக் காட்டும். கதிர்வீச்சுத் தடை 75,000 மடங்கு குறையும். 14 ஆம்பியர் பாய்ந்தாலும் வெளியே செல்வது 0.14 மைக்ரோ வாட்.

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. வளையத்தின் கீழ்ப் பாதியை மண்ணையே செய்ய விடலாம். 500 மீட்டர் தொலைவில் இரண்டு நில மின்வாய்களை அடித்து, இடையே ஒரு கம்பியை இழுத்தால் போதும். மின்னோட்டம் கம்பியில் சென்று மண் வழியாகத் திரும்பும். பாறை மிகுந்த, மின்கடத்தாத நிலத்தில் அது நூறு மீட்டருக்கும் மேல் ஆழத்தில் பரவிச் செல்லும். சராசரி ஆழம் 120 மீட்டர் எனில், பரப்பு 60,000 சதுர மீட்டர். முந்தைய வளையத்தைப்போல் 300 மடங்கு! மின்வாய்களின் தடை காரணமாக மொத்தத் தடை 100 ஓம் ஆகி, 100 வாட்டுக்கு 1 ஆம்பியரே பாய்ந்தாலும், சுமார் 65 மைக்ரோ வாட் வெளியேறும். அதாவது ஏறத்தாழ 450 மடங்கு ஆதாயம். வயலுக்கு உதவாத பாறை நிலமே இந்த வான்கம்பிக்கு உகந்தது என்பது வேடிக்கை. அமெரிக்கக் கடற்படை விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களின் பழம்பாறை நிலத்தில் இதே தத்துவத்தில் 76 ஹெர்ட்ஸ் நிலையங்களை 1989 முதல் 2004 வரை இயக்கியது.

இங்கே பொருத்துவது எளிது. 100 ஓமுக்கும் 50 ஓமுக்கும் சுற்று விகிதம் 1.4 போதும். பாட்டுக் கேட்கும் ஒலிபெருக்கிக் கருவியே செலுத்தியாகப் பயன்படுகிறது. ஆனால் சமன்செய்யும் வேலை இங்கும் தப்பாது. கருவியின் நில இணைப்பு வீட்டு மின்சார நிலக்கம்பியோடு சேர்ந்திருந்தால், மின்னோட்டத்தின் ஒரு பங்கு தொலைவிலுள்ள மின்வாய்க்குப் போகாமல் வீட்டு நிலக்கம்பியிலேயே முடிந்துவிடும். ஆகவே துணைச் சுருள் வேறெதோடும் சேராமல் தனித்திருக்க வேண்டும். மின்வாய்களைச் சுற்றியுள்ள மண்ணிலும் மின்னழுத்தம் நிற்கும். ஆடுமாடுகளோ குழந்தைகளோ அருகில் செல்லாமல் வேலியிட வேண்டும்.

யார் கேட்பார்கள்?

மில்லி வாட்டையும் மைக்ரோ வாட்டையும் செலுத்தி என்ன பயன்? உலகெங்கும் மின்னல்கள் இந்த அலைப் பகுதியில் இடைவிடாமல் இரைந்துகொண்டிருக்கின்றன. அந்த இரைச்சலுக்கு நடுவே இந்த ஈனக்குரல் எப்படிக் கேட்கும்?

பொறுமையால் கேட்கும். பேச்சுக்கு 2400 ஹெர்ட்ஸ் அகலப் பட்டை வேண்டும். மோர்ஸ் குறியில் ஒரு புள்ளியை மூன்று வினாடி நீட்டினால், மூன்றில் ஒரு ஹெர்ட்ஸ் அகலம் போதும். பட்டை குறுகிய அளவுக்கு, உள்ளே வரும் இரைச்சல் 7000 மடங்கு குறைகிறது. காதால் கேட்க முடியாததைக் கணிப்பொறி திரையில் கோடாக வரைந்து காட்டுகிறது. இவ்வாறு 137 கிலோஹெர்ட்ஸ் குறிகள் அட்லாண்டிக் கடலைக் கடந்து ஏற்கப்பட்டுள்ளன. 8 கிலோஹெர்ட்சில் இன்னும் மெதுவாக, ஓர் எழுத்துக்குப் பல நிமிடங்களோ மணிகளோ எடுத்துக்கொள்கிறார்கள்.

விஜயநாராயணத்தின் கம்பங்களும் தோட்டத்து வளையமும் ஒரே இயற்பியல் விதிக்குக் கட்டுப்பட்டவை. இருவருக்கும் அலைநீளம் எட்டாத உயரத்தில் இருக்கிறது. இருவரும் போராடுவது வெப்பமாகப் போகும் இழப்போடுதான். பெரியவர்களிடம் கம்பங்களும் கிலோ வாட்டுகளும் உள்ளன. சிறியவரிடம் இருப்பது கணக்கும், நன்றாக முடுக்கிய ஒரு திருகும், இரண்டு சமமான மின்தேக்கிகளும். அவற்றைக் கொண்டே நூறு வாட்டில் பத்து மில்லி வாட்டைக் காப்பாற்றி, கடலுக்கு அப்பால் ஒருவரிடம் சேர்க்கிறார். அந்தப் பத்து மில்லி வாட் வீணாகாமல் போய்ச் சேருவதில்தான் பொருத்துதலும் சமன்செய்தலும் தங்கள் பயனைக் காட்டுகின்றன.